சாயத்துக்கும் சாராயத்துக்கும் ஓர் எழுத்து

அன்பு மகனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன் அம்மா வீட்டில் கசிப்புக் காய்ச்சுகிறாள் என்று பதுளையில் ஒரு கதை உலாவுகிறது. மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்கிறவள் வரை போய்விட்டது. கொழும்பிலும் யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். கதை பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சொல்லே பிழை. கசிப்பு என்பது புளிக்கவைத்த சீனி ஊறலை, அதுதான் கோடா, அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்து வடிக்கிற கள்ளச்சாராயம். நான் எதையும் வடிக்கவில்லை. ஸ்டோர் அறையில் வைத்திருந்த பழச்சாறு புளித்து, போத்தல் வெடித்தது. குற்றம் சாட்டத்தான் வேண்டுமென்றால் ‘டீச்சர் தெரியாமல் கோடா வைத்துவிட்டா’ என்று சாட்டலாம். அதை நான் ஒத்துக்கொள்வேன். கொன்வென்டில் படித்து, ஓய்வு பெறும்வரை மனையியல் படிப்பித்த ஒருத்திக்கு அந்த அவமானமே போதும். மேலே எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

நடந்தது இவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். எழும்பிப் போய்ப் பார்த்தால், ஸ்டோர் அறைச் சுவரில் நுரை வழிந்துகொண்டிருந்தது, தரை முழுக்கக் கண்ணாடித் துண்டு. நான் விளக்குமாறு எடுக்குமுன் பக்கத்து வீட்டு ராணி வேலியைச் சுற்றி ஓடி வந்துவிட்டாள். அவளை உனக்குத் தெரியும். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லய வீட்டில் பிறந்து வளர்ந்து, இங்கே தையல் கடை வைத்திருக்கிறவள். நல்ல மனம், பெரிய குரல். “டீச்சர்! ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? கேஸ் சிலிண்டர்தான் போயிருச்சுன்னு நெனச்சேங்க!” என்றாள். “ஒண்டுமில்லை ராணி, போத்தல் ஒண்டு உடைஞ்சு போச்சு” என்றேன். அவள் மூக்கை நிமிர்த்தி ஒருமுறை இழுத்தாள். முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. “ஏங்க டீச்சர், எங்க லயத்துக்குப் பின்னால முன்னெல்லாம் இந்த வாசந்தான் அடிக்கும். எங்க அப்பாவுக்கு ரொம்பப் புடிச்ச வாசங்க.” அவள் அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். கடைக்கு வந்தவர்களிடமும் பகிடியாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் பகிடி பாதி வழியில் இறங்கிவிட்டது; செய்தி மட்டும் பஸ் ஸ்டாண்ட் வரை போனது.

இனி, அந்தப் போத்தலில் என்ன இருந்தது, அதை நான் ஏன் வைத்திருந்தேன் என்பதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். அது உனக்காக வைத்தது.

ஆவணியில் உன் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீட்டில் தாரை வார்த்துக் கொடுக்க உன் மாமாவும் மாமியும் இருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மாப்பிள்ளையை வாசலில் வரவேற்று, காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டிய தோழன் பெண்ணின் சகோதரன். அவளுக்கு இருப்பது நீ ஒருவன். உன்னிடம் தொலைபேசியில் கேட்டேன். “பாப்பம், அம்மா” என்றாய். ஊரில் ‘பாப்பம்’ என்றால் ‘பார்ப்போம்’; நம் வீட்டு அகராதியில் ‘இல்லை’ என்று பொருள். உன் அப்பாவும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் காணி விற்பதைப் பற்றி அவருடைய அண்ணர் கேட்டபோதெல்லாம் ‘பாப்பம்’ என்றார். காணி இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. உன் தங்கைக்கும் அந்த அகராதி தெரியும். நான் தொலைபேசியை வைத்ததும் என் முகத்தைப் பார்த்து, “அண்ணா பாப்பம் எண்டு சொன்னவரோ?” என்று கேட்டாள். “அப்ப மாமான்ர மகனைக் கேளுங்கோ. ஆனா நான் அண்ணாவைக் கேக்கமாட்டன். கேட்டால் எனக்காக வந்திடுவார்” என்று சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள். அவள் கெட்டிக்காரி. நீ யாருக்காகவோ வரக்கூடாது என்று என்னைவிட முதலில் விளங்கிக்கொண்டவள் அவள்.

நீ குடியை விட்டதை நான் பெரிதாகப் பேசியதில்லை. பேசினால் விட்டது கலைந்துவிடுமோ என்று ஒரு மூடத்தனம். சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்கிற எனக்கே அப்படி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் மொழி உன்னை விடமாட்டேன் என்கிறது. லுணுகலையில் மாப்பிள்ளை வீட்டுக்கு நாம் முதல் முறை போனது நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்து முன்னேறியவர்கள். வரவேற்பில் ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று சம்பந்தி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். உனக்கு முன்னால் வந்து நின்று, “தம்பி என்ன குடிக்கிறீங்க?” என்றார். நீ பழக்க தோஷத்தில், கொழும்பில் யாரிடமோ சொல்வதுபோல, “நான் குடிக்கிறதில்லை ஐயா” என்று சொல்லிவிட்டாய். அவர் இரண்டு கையையும் கூப்பி, “ரொம்ப சந்தோசம்ங்க! இந்தக் காலத்துப் பையன் வாயில இப்படி ஒரு வார்த்தை வருதே! அடியே, கேட்டியா, தம்பி குடிக்கிறதே இல்லையாம்!” என்று உள்ளே குரல் கொடுத்தார். அவ்வளவுதான். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. உனக்கு மட்டும் வரவில்லை. புழுங்கின ஒரு மத்தியானம், லட்டும் முறுக்கும் தின்று தொண்டை அடைத்து, எங்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். உன் தங்கை சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். திரும்பி வரும் வழியில் பஸ் ஒரு கடையடியில் நின்றபோது இரண்டு தண்ணீர்ப் போத்தல் வாங்கி ஒரே மூச்சில் முடித்தாயே. அன்றைக்கு நீ வாய்விட்டுச் சிரித்தாய். அப்பா போன பிறகு உன்னுடைய அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் கேட்டேன்.

அந்தச் சிரிப்பை மறுபடி பண்டாரவளையில் இழந்தோம். உன் பெரியப்பா மகனுடைய கல்யாணம். மண்டபத்துக்குள் சைவமும் நாதஸ்வரமும்; பின்னால் வான் வண்டிகள் நிற்கும் இடத்தில் வேறு கல்யாணம். அது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், ஒருத்தியும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளமாட்டாள். உன் மாமாவின் வானுடைய பின்கதவு திறந்திருந்தது. “மருமோன், இஞ்ச வாரும், ஒரு சொட்டு. கல்யாண வீட்டில கணக்கில்லை!” என்று அவன் கூப்பிட்டது பெண்கள் பக்கத்து ஜன்னல் வரை கேட்டது. நீ வேண்டாமென்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாய். உள்ளே வந்த உனக்கு யாரோ ஒரு பரிமாறுகிற பெடியன் சிவப்புச் சோடாவில் ஒரு உறிஞ்சு குழாயைப் போட்டுக் கையில் தந்தான். சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே சோடா, அதே குழாய். உன்னைச் சுற்றி ஆண்கள் ஒருவருமில்லை. அவர்கள் எல்லோரும் வானடியில். மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு நடுவில், வேட்டி சால்வையோடு, வளர்ந்த ஒரு மனிதன், சிவப்புச் சோடாவைப் பிடித்துக்கொண்டு. நீ அதை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டாய். தலையிடி என்று தங்கையிடம் சொன்னாயாம்.

அன்றிலிருந்து நான் யோசித்தேன். குடியை விட்ட ஒருவனிடம் எல்லோரும் எதை விட வேண்டும் என்று சொல்கிறார்கள். கையில் எதைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் படிப்பித்த பாடம் அதுதானே: எந்த வேளைக்கு எந்த உணவு, எந்த விருந்துக்கு எந்தப் பானம். சோடாவை ஒரு நிமிடத்தில் குடித்து முடித்துவிடலாம். இனிப்பு அப்படித்தான், இழுத்துக்கொண்டு போகும். பிறகு வெறுங்கையோடு நிற்க வேண்டும். வெறுங்கையைக் கண்டால்தான் உன் மாமா போன்றவர்களுக்குக் கூப்பிடத் தோன்றுகிறது. ஆகவே மெதுவாக இறங்குகிற ஒன்று வேண்டும். புளிப்பு வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் கசப்பு வேண்டும், நாக்கைப் பிடித்து நிறுத்துகிற துவர்ப்பு வேண்டும். துவர்ப்பு என்றதும் உன் அப்பாவை நினைத்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த காலம் முழுக்க, வீட்டில் நான் போடும் தேத்தண்ணியை ஒரு மிடறு உறிஞ்சி, வாயில் சுழற்றி, “பிடி இல்லை” என்று கோப்பையைத் திருப்பி வைப்பார். சீனி கூடக் குறைய என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். பிடி இல்லாவிட்டால் அது அவருக்குச் சுடுதண்ணி. அந்தப் பிடியை உன் கிளாஸில் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன். புத்தகத்தில் எலுமிச்சை என்கிற தேசிக்காய், ஆரஞ்சு என்கிற தோடம்பழம், நாரத்தைத் தோல், இஞ்சி, புதினா. அதற்குள் கொஞ்சம் ஆறின சாயம், பால் விடாத நம் ஊர்த் தேத்தண்ணி.

முதல் தடவை செய்ததில்தான் பிழை விட்டேன். தேசிக்காய் என்று சொன்னாலே நம் கை ஊறுகாய்க்குப் பழகின கை. உப்பிலிட்டு வெயிலில் வைத்து, நாள் போகப்போகச் சுவை கூடும் என்பது நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. அந்த நினைப்பிலேயே, பிழிந்த சாற்றில் சீனியும் பச்சை இஞ்சியும் தோலும் போட்டு, போத்தலில் இறுக மூடி, ஊறட்டும் என்று ஸ்டோர் அறையில் வைத்துவிட்டேன். ஊறுகாயைக் காப்பது உப்பு என்பதை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்காட்டினவள் நான். இங்கே உப்பு ஒரு சிட்டிகை, சீனி கைநிறைய, இஞ்சியோ கழுவி மட்டும் போட்டது. புளிக்காமல் என்ன செய்யும்? என்னிடம் படித்த யாராவது இதைச் செய்திருந்தால், கொப்பியில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

போத்தல் வெடித்த அடுத்த நாள் உன் மாமா மொனராகலையிலிருந்து வந்தான், வானில் ஒரு கூடை பிபிலைத் தோடம்பழத்தோடு. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டான். “அக்கா, நீங்களும் தொடங்கீட்டியளாம்! உங்கட தம்பி எனக்கு ஒரு போத்தல் எடுத்து வைக்கேல்லையோ?” நான் மிச்சமிருந்த இரண்டு போத்தலைக் காட்டினேன், அப்புறப்படுத்திவிடு என்று. அவன் ஒன்றை முற்றத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தான். பாம்பு சீறினது போல ஒரு சீறல். கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “அக்கா, பகிடி இல்லை. இதில சாமான் இருக்கு” என்றான். “எவ்வளவு?” என்று கேட்டேன். “கனக்க இல்லை. ஆனா இருக்கு. எனக்குத் தெரியாதோ?”

மகனே, நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு போத்தல் வெடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். ஊறினது போதும் என்று நான் எடுத்து வடித்து, குளிரவைத்து, நீ வந்து இறங்கினவுடன் என் கையாலேயே உனக்குத் தந்திருப்பேன். அம்மா தருகிறாள் என்று நீ கேள்வி கேட்காமல் குடித்திருப்பாய். வானின் பின்கதவைக் குற்றம் சொல்லிக்கொண்டு, நானே முன்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். ஊருக்கு என்மேல் உள்ள சந்தேகம் பொய். ஆனால் அதற்குள் இருந்த ஒரு சொட்டு உண்மை எனக்குத்தான் தெரியும். அந்தப் போத்தல்களை நானே மண்ணில் கவிழ்த்தேன். மாமா “அநியாயம்” என்று முணுமுணுத்தான். அவனை நான் பார்த்த பார்வையில் கூடையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான்.

அன்றைக்கே, மாமா கொண்டுவந்த தோடம்பழத்தில், இரண்டாவது தடவை சரியாகச் செய்தேன். கவனமாகப் படி, உன் வெள்ளவத்தை அறையிலும் இதைச் செய்யலாம், ஒரு அடுப்பு இருந்தால் போதும். நாரத்தைத் தோலை மெல்லிய சீவலாக எடு. வெள்ளைப் பகுதி சிறிது ஒட்டியிருக்கட்டும், கசப்பு அதில்தான் இருக்கிறது. நிறைய இருந்தால் மருந்தாகிவிடும். இஞ்சியைத் தட்டி, தோலோடும் சீனியோடும் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிடு. பச்சையாகப் போடாதே, உன் அம்மாவின் சுவரைப் பார்த்துப் படித்துக்கொள். வடித்து ஆறவிட்ட பாணியை ஃபிரிஜ்ஜில் வைக்கலாம், ஒரு சில நாளுக்குக் கெடாது. சாயத்தை வேறாகப் போடு, தேயிலையை அதிக நேரம் ஊறவிடாமல் வடித்து ஆறவிடு. குளிரும்போது அது கலங்கும். கெட்டுப்போனதென்று ஊற்றிவிடாதே, நல்ல தேயிலை அப்படித்தான் கலங்கும் என்று உன் அப்பா சொல்வார். தேசிக்காயை அறுக்குமுன் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டு. விதை நசியக்கூடாது. தோடம்பழத்தையும் தேசிக்காயையும் குடிக்கப் போகும் வேளையில்தான் பிழிய வேண்டும், முதல் நாள் பிழிந்து வைக்கிற வேலை வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு. புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டிப் போடு. கசக்கினால் புல் மணம் வந்துவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீரோ வெறும் சோடாவோ, உன் விருப்பம். வாயில் வைத்ததும் புளிப்பு, பிறகு தோடம்பழத்தின் இனிப்பு, விழுங்கின பிறகு கசப்பும் துவர்ப்பும் கொஞ்ச நேரம் நிற்கும். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு நாதஸ்வரக் கச்சேரியைக் கேட்டு முடிக்கலாம்.

நான் கலந்துகொண்டிருக்கும்போது உன் மாமா பக்கத்தில் நின்று தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு யோசனை வந்தது. “அக்கா, சாயத்தைக் கொஞ்சம் கூட விடுங்கோ. நிறம் கடுமையா வந்தால் பார்க்கச் சாராயம் மாதிரியே இருக்கும். மருமோன் பிடிச்சுக்கொண்டு நிண்டால் ஒருத்தனும் ஒண்டும் கேக்கமாட்டான். சாயத்துக்கும் சாராயத்துக்கும் நடுவில ஒரு ‘ரா’ தானே!” அவனுடைய பகிடிக்கு அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லுகிறேன், ஒரு கணம் எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நீ ஆண்களோடு ஆணாக நிற்பாய். கிளாஸ் பொன்னிறமாக மின்னும். என்னைப் பார்த்து ஒருவரும் “மகனுக்கு என்ன வருத்தம்” என்று விசாரிக்கமாட்டார்கள். சாயத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நல்ல கடும் நிறம் வந்தது. மாமா கையைத் தட்டினான். பிறகு தேசிக்காயைப் பிழிந்தேன்.

தேசிக்காய் பட்டால் சாயத்துக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். எங்கள் கண் முன்னாலேயே அந்தக் கடும் நிறம் இளகி, மங்கி, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. “அட, சாயம் வெளுத்துப் போச்சே!” என்றான் மாமா. சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். தோடம்பழச் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். நானும் கரண்டியை வைத்துவிட்டேன்.

கொன்வென்டில் எங்களுக்குத் தையல் படிப்பித்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். பூ வேலை செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் முன்பக்கத்தைப் பார்க்கவேமாட்டார். துணியைத் திருப்பி, பின்பக்கத்தில் நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார். அவரிடம் நல்ல புள்ளி வாங்கினவள் நான். அப்படிப்பட்ட நான் உன் விஷயத்தில் எத்தனை காலம் முன்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். நீ குடித்த காலத்தில் ‘அவனுக்கு வேலை கூடிப்போச்சு’ என்றேன். நீ விட்ட பிறகு, யாராவது கேட்டால் ‘வயிற்றுப் புண், டொக்டர் வேண்டாம் என்றிருக்கிறார்’ என்றேன். குடித்ததை மறைத்தாலாவது ஒரு நியாயம் உண்டு. விட்டதை எதற்கு மறைத்தேன்? விடுவது எவ்வளவு கஷ்டமென்று உன் தங்கை எனக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தை நீ எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. என் பிள்ளை செய்த மிகக் கடினமான வேலை அதுவென்றால், அதற்கு நான் ஏன் வயிற்றுப் புண் என்று பெயர் வைத்தேன்?

ஆகவே அந்தக் கிளாஸைச் சாராயம் போல நான் ஆக்கப்போவதில்லை. சாயத்தை எடுத்துவிடவும் போவதில்லை. அது அப்பாவின் பிடி. ஊர் என்ன நினைக்கும் என்று அதை எடுப்பதும் ஊருக்காகச் செய்வதுதானே. வைக்கோல் நிறத்தில், மேலே ஒரு புதினாக் கொத்தோடு, தூரத்திலிருந்து பார்த்தாலே இன்னதென்று தெரியும்படி அது இருக்கும். மண்டபத்தில் நல்ல கனமான கிளாஸில் ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் அதையே முதலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். குழாய் கிடையாது. யாராவது உன்னிடம் கேட்டால், அது என்னவென்று நீ சொல்லலாம். ஏன் என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். என்னிடம் கேட்டால் நான் இனி வயிற்றுப் புண் என்று சொல்லப்போவதில்லை. ‘குடித்தான், விட்டுவிட்டான்’ என்று சொல்வேன். அதில் உனக்குச் சம்மதமில்லை என்றால் அதையும் எழுது, வாயை மூடிக்கொண்டிருப்பேன். ராணிக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். குடித்துவிட்டு, “டீச்சர், இதுல ஒண்ணுமே இல்லீங்களே!” என்று மிகுந்த ஏமாற்றத்தோடு சொன்னாள். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தேவையில்லை. அதையும் போய் பஸ் ஸ்டாண்டில் சொல் என்று அனுப்பினேன்.

உன் மாமாவைப் பற்றி ஒன்று. போகும்போது வானில் ஏறினவன் இறங்கி வந்தான். “அக்கா, நான் குடிக்காமல் இருப்பன் எண்டு சொல்லமாட்டன். சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டியள். ஆனா மருமோனை இனிக் கூப்பிடமாட்டன். என்ர வான் அண்டைக்கு மண்டபத்துப் பக்கமே நிக்காது” என்றான். அவன் உன்னைக் கூப்பிட்டது பாசத்தில்தான். அவனுக்குப் பாசம் என்றால் ஒரு கிளாஸில் பாதியை ஊற்றிக் கொடுப்பது; வேறு விதமாகக் காட்டத் தெரியாது. அவனை நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னேன்.

இனி நான் கேட்க வந்த விஷயம். என்னால் மண்டபத்தில் கொடுக்கும் பானத்தை மாற்ற முடியும், கிளாஸை மாற்ற முடியும், வானைத் தள்ளி நிறுத்த முடியும். உனக்குள் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. நீ வராமல் இருக்க நினைப்பதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. ஒன்று வெட்கம், மற்றது பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இரண்டும் வேறு.

வெட்கம் என்றால், வா. நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி யாராவது உன்னை வெட்கப்பட வைத்தால் அவர்களுக்கு நான் பதில் சொல்வேன், அதற்கு என் நாக்கு இன்னும் போதும். உன் தங்கையின் கையைப் பிடிக்கப் போகிறவனை வாசலிலிருந்து கூட்டி வரும் கை உன்னுடையதாக இருக்க வேண்டும். அந்த இடத்தை நான் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

பயம் என்றால், வராதே. அந்தக் கூட்டமும் அந்த மணமும் அந்தப் பழைய முகங்களும் உன்னைத் திரும்ப இழுத்துவிடும் என்று நீ பயந்தால், அந்தப் பயம் சரியானது. அதை நீதான் அறிவாய், நான் அல்ல. கட்டாயப்படுத்தமாட்டேன். மாமாவின் மகன் தோழனாக நிற்பான். கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நான் ரயிலேறி உன் அறைக்கு வருவேன். நாரத்தையும் புதினாவும் கொண்டுவருவேன். தேசிக்காய் நீ வாங்கி வை. உன் அடுப்பில் நான்கு பேருக்கும் கலப்போம். உன் தங்கை அழமாட்டாள். அழுதாலும் உன் முன்னால் அழமாட்டாள். எனக்கு நீ ஒரு நாள் மண்டபத்தில் நிற்பதைவிட, மிச்ச நாளெல்லாம் நன்றாக இருப்பது முக்கியம். இதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீயும் எழுத வேண்டும். சின்ன வயதில் உன் அப்பா ஆசையாக வைத்திருந்த, தேயிலை ருசி பார்க்கிற பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டு, பூனை தட்டிவிட்டது என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாய். நான் உன்னை அடிக்கவில்லை. ஒரு கடதாசியும் பென்சிலும் தந்து, நடந்ததை எழுது என்று உட்காரவைத்தேன். வெகுநேரம் கழித்து, ‘பூனை இல்லை, நான்’ என்று எழுதிக் கொண்டுவந்தாய். அன்றைக்கே கண்டுபிடித்தேன், உன் வாய் சமாளிக்கும், உன் கை சமாளிக்காது.

ஆகவே தொலைபேசியில் பதில் சொல்லாதே. தங்கையிடம் சொல்லி அனுப்பாதே. வெட்கமா, பயமா, எதுவென்று ஒரு கடதாசியில் எழுதி, உறையில் போட்டு, தபாலில் அனுப்பு. ஒரு சொல் போதும். ‘பாப்பம்’ மட்டும் வேண்டாம்.

அம்மா